பழைய பேனாவும் பென்சிலும் எழுத மறுத்தால்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

ஐம்பது அறுபது ஆண்டுகளாக ஏதோ ஓர் இழுப்பறையில் கிடந்த பேனா கைக்கு வந்ததும், அதில் மையை நிரப்பி ஒரு வரியாவது எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்று எவருக்கும் கை துறுதுறுக்கும். பழைய பேனாக்களில் நான் பார்த்த சேதங்களில் பெரும்பகுதி அந்த முதல் அரைமணி நேரத்தில் நேர்ந்தவை. காலம் அவற்றை அவ்வளவு கெடுத்திருக்கவில்லை. எழுதாத பேனாக்களில் பெரும்பாலானவை உடைந்தவையே அல்ல. உள்ளே மை காய்ந்து அடைத்திருக்கும், அல்லது ரப்பர் இறுகிப் போயிருக்கும். ஆகவே இவ்வழிமுறை முழுவதிலும் ஒரே வரிசையைப் பின்பற்றுகிறேன்: முதலில் தண்ணீர், பிறகு காத்திருத்தல், பிறகு மிதமான சூடு, அதன் பிறகே கருவிகள். நிப்பின் முனையைத் தேய்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும், ஏனெனில் தேய்ந்து போனதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

நிப்புக்கு அடியில் மையை ஏந்தி வரும் கட்டையை நாக்கு என்றும், நிப்பும் நாக்கும் செருகப்பட்டிருக்கும், விரல்கள் பற்றும் பகுதியைக் கழுத்து என்றும், கையில் பிடிக்கும் நீண்ட பகுதியைக் குழல் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

எந்த அறிகுறியாயினும் முதலில்: உடல் எதனால் ஆனது?

ஒரு பேனாவுக்கு மருந்தாகும் தண்ணீர் இன்னொரு பேனாவைக் கெடுத்துவிடும் என்பதால் இக்கேள்விக்கு விடை தெரியாமல் எதையும் தொடங்கக் கூடாது. கட்டைவிரலால் குழலைச் சூடேறும் வரை தேய்த்து உடனே முகர்ந்து பார்த்தால், எபோனைட் கந்தக வாடை அடிக்கும். செல்லுலாய்டு கற்பூர வாடை அடிக்கும். எபோனைட் என்பது நிறையக் கந்தகம் சேர்த்து இறுக்கப்பட்ட ரப்பர்; 1920களின் நடுப்பகுதி வரை பேனாக்களின் உடல் பெரும்பாலும் இதுவே. அதன் இடத்தைப் பிடித்த செல்லுலாய்டு, நைட்ரோசெல்லுலோஸில் கற்பூரம் கலந்து செய்யப்பட்டது. ஆல்கஹாலிலும் அசிட்டோனிலும் கரையும், தீப்பற்றினால் அணைப்பது கடினம். பாலின் புரதத்திலிருந்து செய்யப்பட்ட கேசீன் பேனாக்களும் உண்டு. அழகான நிறங்கள் கொண்ட அவை தண்ணீரில் ஊறினால் உப்பி, உலரும்போது வெடித்துவிடும். 1941இல் வெளிவந்த பார்க்கர் 51 போன்றவற்றின் அக்ரிலிக் உடல் தண்ணீருக்கு அஞ்சாது, ஆனால் ஆல்கஹால் பட்டால் மெல்லிய வெடிப்புகள் ஓடும். எனவே எந்தப் பழைய பேனாவிலும் ஆல்கஹாலைத் தொட வேண்டாம் என்பதே பாதுகாப்பான விதி.

அறிகுறி: பேனா மையை உறிஞ்சவே இல்லை

பக்கவாட்டில் ஒரு சிறு நெம்புகோல் கொண்ட பேனா என்றால், உள்ளே ஒரு ரப்பர் மைப்பையும் அதன்மீது ஒரு உலோகப் பட்டையும் இருக்கும். வால்டர் ஷீஃபர் 1908இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பைப் பிற்பாடு எண்ணற்ற நிறுவனங்கள் கையாண்டன. நெம்புகோலைத் தூக்கினால் பட்டை பையை நசுக்கி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றும். நெம்புகோலை விட்டதும் பை விரிந்து மையை இழுத்துக்கொள்ளும். பழைய ரப்பர் கல்லாய் இறுகியிருக்கும்போது நெம்புகோல் சற்றே எழும்பி நின்றுவிடும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். மேலும் அழுத்தினால் நெம்புகோல் முறியும், அல்லது அதைத் தாங்கும் குழலின் பிளவிலிருந்து விரிசல் கிளம்பும். பேனாவைக் காதருகே வைத்துக் குலுக்கினால் சரசரவென்று ஒலி கேட்பதுண்டு. அது நொறுங்கிய மைப்பையின் துண்டுகள்.

தீர்வு, மைப்பையை மாற்றுவது. இதற்குக் கழுத்தைக் குழலிலிருந்து பிரிக்க வேண்டும். இரண்டும் சேரும் இடத்தை முடி உலர்த்தியால் சுற்றிச் சுற்றிச் சூடாக்கி, அவ்வப்போது கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கன்னம் தாங்காத சூடு செல்லுலாய்டுக்கும் ஆகாது. நெருப்புச் சுடரை அருகில் கொண்டுவரவே கூடாது. பிறகு வழுக்காத ரப்பர் துணியால் இரு பக்கமும் பற்றி, மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்து இழுக்கலாம். சில பேனாக்களில் கழுத்து செருகப்படாமல் திருகப்பட்டிருக்கும் என்பதால், முதல் அசைவு எப்போதும் சிறு திருப்பமாகவே இருக்கட்டும். வரவில்லையென்றால் மீண்டும் சூடு, மீண்டும் முயற்சி. நான் ஒரே பேனாவுக்கு மூன்று மாலைகள் செலவிட்டிருக்கிறேன். நான்காம் நாள் அது தானாகவே வருவதுபோல் வந்தது.

குழலுக்குள் ஒட்டியிருக்கும் பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்து, கழுத்தின் பின்முனையில் இருக்கும் பழைய அரக்கையும் நீக்க வேண்டும். மைப்பைகள் எண்களால் குறிக்கப்படுகின்றன. அந்த எண், பையின் வெளிவிட்டம் ஓர் அங்குலத்தில் அறுபத்து நான்கில் எத்தனை பங்கு என்பதைச் சொல்கிறது. 16ஆம் எண் பை என்றால் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. விட்டம். குழலுக்குள் தாராளமாகப் போய்வரும் அளவே சரியானது. பையைச் சற்றுப் பெரிதாகப் போட்டால் மை அதிகம் பிடிக்கும் என்ற ஆசை, பட்டைக்கு இடமில்லாமல் செய்துவிடும். பையை ஒட்டுவதற்கு அவலரக்கைத் (ஷெல்லாக்) தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சூட்டில் இளகும் அரக்கு, அடுத்த தலைமுறையில் இதே வேலையைச் செய்பவருக்கு வழிவிடும். உடனடியாகப் பிடிக்கும் பசைகளைப் போட்டவர்களின் பேனாக்களில் கழுத்து உடையாமல் பை வருவதில்லை. ஒட்டி ஒரு நாள் உலர்ந்தபின், பையின்மேல் வாசனை சேராத டால்க் பொடியைத் தூவிக் குழலுக்குள் செலுத்தினால் அது உரசாமல் இயங்கும்.

நெம்புகோல் இல்லாத பேனாக்களில் காரணம் வேறு இடங்களில் இருக்கும். 1929 முதல் பெலிக்கான் செய்துவந்த பிஸ்டன் வகையில், அடைப்பான் சுவரோடு ஒட்டி நகர வேண்டும். தொடக்ககாலப் பேனாக்களில் அது தக்கையால் ஆனது, பல ஆண்டுகள் வறண்டு கிடந்தால் சுருங்கிவிடும். பின்முனைக் குமிழைப் பலவந்தமாகத் திருகாமல், பேனாவுக்குள் மை தங்கும் கூட்டில் வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பி நிப்பு மேல்நோக்கி இருக்கும்படி ஓரிரவு நிறுத்தி வைத்தால், காய்ந்த மை இளகுவதோடு தக்கையும் ஓரளவு ஊறிப் பிடிமானம் பெறும். 1933இல் வந்த பார்க்கர் வேக்குமேட்டிக் வகையில் பின்முனையில் ஒரு ரப்பர் சவ்வு உண்டு. அது கிழிந்திருந்தால் அமுக்கி எளிதாக ஏறி இறங்கும், மை மட்டும் ஏறாது. அதைப் பிரிப்பதற்கென்றே தனிக் கருவி தேவைப்படுவதால் அனுபவமுள்ளவரிடம் கொடுப்பதே நல்லது. 1949இல் ஷீஃபர் கொண்டுவந்த டச்டவுன் வகை, உள்ளே அடைபடும் காற்றின் அழுத்தத்தால் பையை நசுக்குகிறது. அதன் கோலை இழுத்து அழுத்தும்போது எதிர்ப்பே தெரியவில்லையென்றால், கோலைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் காய்ந்திருக்கிறது என்று பொருள்.

மை பாதி மட்டும் ஏறுகிறது என்பது தனி அறிகுறி. 1948க்குப் பிந்திய பார்க்கர் 51இல் உள்ள பை ரப்பரால் ஆனதல்ல. அந்த ஒளி ஊடுருவும் பைகள் பல இன்றும் நன்றாகவே இருக்கின்றன. அதனுள் ஒரு மெல்லிய காற்றுக்குழாய் ஓடுகிறது. ஒவ்வோர் அழுத்தத்திலும் காற்று இக்குழாய் வழியே வெளியேறுவதால்தான் பை படிப்படியாக நிறைகிறது. அது அடைந்தோ உடைந்தோ இருந்தால் எத்தனை முறை அழுத்தினாலும் மை ஓரளவுக்கு மேல் ஏறாது. பையைக் குறை சொல்வதற்கு முன் அக்குழாயைப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: மை நிரம்பியிருக்கிறது, ஆனால் எழுதவில்லை அல்லது இரண்டு வரிகளுக்குப் பின் வறண்டுவிடுகிறது

மை நிப்பின் முனைக்கு வருவது தந்துகி விசையால், அதாவது நுண்ணிய இடுக்கில் திரவம் தானாகவே நகரும் இயல்பால். நாக்கில் செதுக்கிய நுண்ணிய வாய்க்கால்கள் வழியே மை இறங்கும்போது, அதே அளவு காற்று உள்ளே ஏற வேண்டும். 1884இல் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற நாக்கின் சிறப்பு, இந்த இரு போக்குவரத்தையும் ஒரே பள்ளத்தில் ஒழுங்குபடுத்தியதுதான். இன்றும் எழுதாத பேனா எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: மைக்கு வழி இருக்கிறதா, காற்றுக்கு வழி இருக்கிறதா?

முதலில் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பி வெளியேற்றுவதைத் தண்ணீர் தெளியும்வரை தொடர வேண்டும். கழுத்து எபோனைட்டாகவோ கேசீனாகவோ இருந்தால் நிப்பும் நாக்கும் மட்டும் நனையட்டும். தண்ணீர் தெளிந்துவிட்டது என்று நம்பியபின், நிப்பைச் சுருட்டிய மெல்லிய காகிதத்தில் வைத்து ஒரு மணி நேரம் விட்டால், காகிதம் நீலமாகிக்கொண்டே இருப்பதைக் காணலாம். உள்ளே இன்னும் மை இருக்கிறது. பார்க்கர் 51 போல நிப்பு மூடப்பட்ட பேனாக்களில், நாக்கைச் சுற்றி மையைத் தேக்கி வைக்கும் மெல்லிய மடிப்புகள் பல உண்டு. அவற்றுக்கு ஒரு நாள் போதாது. ஒரு வாரம் ஆனாலும் வியப்பதற்கில்லை.

தண்ணீருக்கு மசியாத மைக்கு, பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு வீட்டு உபயோக அம்மோனியாவும் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு துளியும் சேர்த்த கரைசலைச் சில நிமிடங்கள் மட்டும் பயன்படுத்தி, உடனே நல்ல தண்ணீரில் பலமுறை அலச வேண்டும். பித்தளை, செப்புக் கலவைப் பகுதிகளிலும் கேசீனிலும் அம்மோனியா படக் கூடாது. கருமையான, துகள் துகளான படிவு தெரிந்தால் அது இரும்பு உப்பும் கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்த பழைய மையாக இருக்கக்கூடும். அதை அம்மோனியா அசைக்காது. வைட்டமின் சி கலந்த நீர்த்த கரைசல் கரைக்கும். அமிலத்தன்மை கொண்ட இந்த மைதான் பழைய எஃகு நிப்புகளை அரித்தது. தங்க நிப்புகள் பரவலானதற்கு அதுவும் ஒரு காரணம்.

சுத்தம் செய்த பிறகும் மை வரவில்லையென்றால், பத்து மடங்கு உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து நிப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். நடுப்பிளவு, அது தொடங்கும் சிறு துளையான மூச்சுத்துளையிலிருந்து முனையை நோக்கி மெல்லக் குறுகிச் செல்வதே ஆரோக்கியமான தோற்றம். முனைக்கு வெகு முன்பே வெளிச்சம் மறைந்தால் பிளவின் இருபுறமும் உள்ள பற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கின்றன. 0.05 மி.மீ. தடிமனுள்ள பித்தளைத் தகட்டைப் பிளவில் செருகி மேலும் கீழும் சில முறை இழுத்தால், சிக்கியிருந்த காகித இழை வெளியே வரும். பற்களும் மயிரிழை அளவு விலகும். சவரத் தகடு இதற்கு உதவாது. அதன் விளிம்பு பிளவின் உட்சுவரைக் கீறிவிடும்.

கடைசியாக, நாக்கும் நிப்பும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா என்பதைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். இடைவெளி இருந்தால் மையின் தொடர்பு அங்கே அறுபடும். நாக்கு எபோனைட்டால் ஆனதாக இருந்தால் மட்டும், அதை நிப்போடு சேர்த்துக் கழுத்திலிருந்து எடுத்து, கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த நீரில் அரை நிமிடம் அமிழ்த்தி, விரலால் நிப்போடு சேர்த்து அழுத்திப் பிடித்து ஆறவிட்டால் அது புதிய வளைவை ஏற்கும்.

அறிகுறி: எழுதத் தொடங்கும்போது முதல் எழுத்து விழுவதில்லை

இரவு முழுவதும் மூடி வைத்த பேனா காலையில் தயங்கினால் குற்றம் மூடியில் இருக்கலாம். பல மூடிகளுக்குள், நிப்பைச் சுற்றிக் காற்றுப் புகாமல் காக்கும் ஓர் உள்மூடி உண்டு. அது விலகியிருந்தாலோ, மூடியின் விளிம்பில் கண்ணுக்கு எளிதில் தெரியாத விரிசல் இருந்தாலோ, முனையில் உள்ள மை காய்ந்துவிடும். வெளிச்சத்தில் விளிம்பை மெல்லச் சுழற்றிப் பார்த்தால் விரிசல் மயிர்க்கோடாய்த் தெரியும்.

மூடி நன்றாக இருந்தும், எழுதிக்கொண்டிருக்கும்போதே சொல்லுக்குச் சொல் முதல் கீற்று விடுபடுகிறதென்றால், முனை அளவுக்கு மீறி மெருகேற்றப்பட்டிருக்கலாம். பிளவின் இரு உள்விளிம்புகளும் உருண்டு, குழந்தையின் பிட்டம்போல நடுவில் பள்ளம் விழுந்துவிட்டால், மை அந்தப் பள்ளத்துக்குள் நின்றுவிடும்; காகிதத்தைத் தொடாது. சற்று அழுத்தினால் எழுதுகிறது, அழுத்தாவிட்டால் எழுதவில்லை என்பது இதன் அடையாளம். முன்னாளில் யாரோ அன்போடு செய்த மெருகு இது. மிக நுண்ணிய தேய்ப்புத் தாளில் எண் எட்டு வடிவில் நான்கைந்து சுற்று, உடனே மை தொட்டுச் சோதனை, தேவையானால் இன்னும் இரண்டு சுற்று என்ற அளவில்தான் இதைச் சரிசெய்ய வேண்டும்.

அறிகுறி: பேனா மையைக் கக்குகிறது

நல்லபடி எழுதிக்கொண்டிருந்த பேனா திடீரென்று ஒரு பெரிய சொட்டை உதிர்த்தால், அது எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்று கவனிக்க வேண்டும். மை தீரும் தறுவாயில் மட்டும் நடக்கிறதென்றால் பேனாவில் பழுது இல்லாமலும் இருக்கலாம். மை தங்கும் கூட்டில் காற்றே அதிகமாக இருக்கும்போது, கையின் வெப்பத்தால் அது விரிந்து, எஞ்சிய மையை நாக்கு தாங்கும் அளவுக்கு மேல் தள்ளிவிடுகிறது. குழலிலேயே நேரடியாக மையை ஊற்றும், பையில்லாத மிகப் பழைய பேனாக்களில் இது இயல்பு. பாதி தீர்ந்ததும் மீண்டும் நிரப்பிக்கொள்வதே அவற்றுக்கான முறை. விமானப் பயணத்தில் முழுதும் நிரப்பியோ முழுதும் காலியாகவோ, நிப்பு மேல்நோக்கி இருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.

நிறைய மை இருக்கும்போதே கக்கினால் எங்கோ காற்று புகுகிறது. மைப்பையில் ஊசித்துளை இருக்கலாம். கழுத்தோடு அது சேரும் இடத்தில் அரக்கு பிடிக்காமல் இருக்கலாம். கழுத்திலேயே விரிசல் இருக்கலாம். கழுத்தைப் பையோடு வெளியே எடுத்துத் தண்ணீர் நிரப்பி, உலர்ந்த காகிதத்தின்மேல் ஓரிரவு வைத்தால் ஈரம் எங்கே தோன்றுகிறது என்பது இடத்தைக் காட்டிவிடும். ஊற்றும் வகைப் பேனாவில் கழுத்தின் மரையில் சிலிக்கோன் கிரீஸை மெல்லிதாகத் தடவினால் கசிவு நிற்கும். வாசலின் போன்ற பெட்ரோலியப் பொருள்கள் ரப்பரை இளக்கிக் கெடுத்துவிடுவதால் பைப் பேனாக்களின் பக்கமே அவற்றைக் கொண்டுவர வேண்டாம்.

மூடிக்குள் மை சேர்ந்து விரல்களைக் கறைப்படுத்துகிறது என்பவர்கள், முதலில் மூடியின் உட்புறத்தைத் தண்ணீர் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்துப் பார்க்கட்டும். பழைய மை அங்கே பல ஆண்டுகளாகப் படிந்திருக்கும். பேனா கசியாமலே விரல் கறைபடும்.

அறிகுறி: நிப்பு காகிதத்தைக் கீறுகிறது

இந்த அறிகுறியில்தான் அவசரம் அதிகம், இழப்பும் அதிகம். தங்க நிப்பின் முனையில் பொருத்தப்பட்டிருக்கும் சிறு மணி, ஆஸ்மியம், இரிடியம் போன்ற கடினமான உலோகங்களின் கலவை. தங்கம் மென்மையானது, 14 காரட் நிப்பில் அதன் பங்கு 58.5 விழுக்காடு, 585 என்று பொறித்திருப்பது அதைத்தான் குறிக்கிறது. பல ஆண்டுகள் எழுதியும் அந்த நிப்பு தேயாமல் இருப்பதற்கு அந்த மணியே காரணம். அது போய்விட்டால் புதிதாக ஒட்டவைக்கும் கைவினைஞர்கள் மிகச் சிலரே.

கீறலின் திசையை முதலில் அறிய வேண்டும். இடமிருந்து வலமாக இழுக்கும்போது மட்டும் அல்லது வலமிருந்து இடமாக வரும்போது மட்டும் கீறினால், ஒரு பல் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கிறது. உருப்பெருக்கியின் கீழ் முனையை நேராகப் பார்த்தால் ஒரு பாதி மேலும் ஒரு பாதி கீழும் இருப்பது தெரியும். தாழ்ந்த பல்லை விரல் நகத்தால் மேல்நோக்கி அழுத்தி, அதன் இயல்பான நிலையைச் சற்றே கடந்து ஒரு கணம் வைத்திருந்து விட வேண்டும். உலோகம் திரும்பி வரும் இயல்புடையது. ஆகவே ஒரே அழுத்தத்தில் சரியாகிவிடாது, பத்து முறை மெல்ல அழுத்தினால் சரியாகும். கீறும் நிப்புகள் பத்து வந்தால் ஏழெட்டு இந்த ஒரு செயலிலேயே குணமாவதை என் மேசையில் கண்டிருக்கிறேன். அவற்றைத் தேய்த்திருந்தால் தாழ்ந்த பல்லின் மணி வீணாகக் கரைந்திருக்கும்.

எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கீறினால் மணி தேய்ந்து விளிம்பு கூராகியிருக்கலாம். முன்னாள் உரிமையாளர் பேனாவைச் சாய்த்துப் பிடித்த கோணத்தில் ஒரு தட்டையான முகம் உருவாகி, உங்கள் கை அதன் விளிம்பில் ஏறுகிறது. பேனாவைச் சில பாகை சுழற்றிப் பிடித்து எழுதிப் பாருங்கள். கீறல் மறைந்தால், எதையும் தேய்க்காமல் அந்தக் கோணத்துக்குக் கையைப் பழக்கிக்கொள்வதா, தேய்த்துத் தன் கைக்கு மாற்றுவதா என்பதை உரிமையாளர் முடிவு செய்யலாம். இன்னொருவரின் கை பதிந்திருக்கும் அந்த முகத்தை நான் இதுவரை ஒரு பேனாவிலும் அழித்ததில்லை. தேய்த்தே ஆக வேண்டும் என்றால் மிக நுண்ணிய தாளில், மையோடு, எடையே கொடுக்காமல் தேய்க்க வேண்டும். அதற்கு முன் வழவழப்பான வேறொரு காகிதத்தில் எழுதிப் பார்ப்பது அவசியம், ஏனெனில் சில வேளைகளில் கீறுவது காகிதத்தின் சொரசொரப்பே.

அறிகுறி: உடலின் நிறம் மாறுகிறது, அல்லது உடல் விரிசல் விடுகிறது

கறுப்பு எபோனைட் பேனா பழுப்பாகவோ பாசிப் பச்சையாகவோ மாறியிருந்தால் அது வெயிலும் ஈரமும் செய்த வேலை. வெளிச்சம் பட்ட எபோனைட்டின் மேற்பரப்பில் கந்தகம் விடுபட்டு அமிலமாகிறது. வெளிறாத கறுப்பாகத் தெரிந்த ஒரு மூடியை, உள்ளே காய்ந்த மையை அகற்றும் எண்ணத்தில் ஓரிரவு தண்ணீரில் போட்டுவிட்டுக் காலையில் அதைச் சேற்று நிறத்தில் எடுத்த துயரம் எனக்கு உண்டு. அன்று முதல் எபோனைட்டை முழுதாக நனைப்பதில்லை. கறுப்புச் சாயம் பூசுவதோ மேல்தோலைச் சுரண்டுவதோ குழலில் பொறித்த எழுத்துகளையும் கோலங்களையும் அழிக்கும். பழுப்பு நிறத்தோடே அதை எழுதப் பயன்படுத்துவது நல்லது என்பது என் கருத்து. வெளிர் நிறச் செல்லுலாய்டு குழல் மட்டும் மஞ்சளாகி மூடி பளிச்சென்று இருந்தால், காரணம் உள்ளிருந்த ரப்பர் பை வெளிவிட்ட கந்தக ஆவி. அதைத் திருப்ப வழியில்லை.

செல்லுலாய்டின் உள்ளே சிறு சதுரங்களாக வெடிப்புகள் தோன்றி, அருகிலுள்ள பித்தளை பச்சை பூத்து, கூர்மையான நெடி எழுந்தால், பொருள் சிதையத் தொடங்கிவிட்டது. அது வெளிவிடும் அமில ஆவி அடுத்திருக்கும் பேனாக்களையும் தாக்கும். அதை அன்றே பிரித்து, காற்றோட்டமுள்ள குளிர்ந்த இடத்தில் தனியே வைக்க வேண்டும். மூடிய நெகிழிப் பைகளும் வெயில் படும் காட்சிப்பெட்டிகளும் எந்தச் செல்லுலாய்டுக்கும் ஆகாது.

அறிகுறி: பழைய தள்ளு பென்சிலில் லெட் வருவதில்லை, அல்லது வந்து உள்ளே போய்விடுகிறது

இங்கே முதல் ஐயம் லெட்டின் தடிமன்மீது வர வேண்டும். 1910களில் சார்லஸ் கீரன் உருவாக்கிய எவர்ஷார்ப் முதலாகப் பல பழைய திருகு பென்சில்கள் 0.046 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.18 மி.மீ. தடிமனுள்ள லெட்டை ஏற்பவை. பின்னால் வந்த பலவற்றுக்கு 0.036 அங்குலம், இன்றைய 0.9 மி.மீ. லெட் பொருந்தும். இன்று எங்கும் கிடைக்கும் 0.7 மி.மீ. லெட்டைப் போட்டுவிட்டு, அது நழுவி விழுகிறது, பென்சில் கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவைத்தவர்கள் பலர். முனையில் உள்ள துளையை அளவிப் பார்க்காமல் லெட் வாங்க வேண்டாம்.

தடிமன் சரியாக இருந்தும் வரவில்லையென்றால், மூக்கில் பழைய துண்டு அடைத்திருக்கும். திருகைப் பின்னோக்கி முழுவதும் சுழற்றி, தள்ளுகோல் உள்ளே போனபின், துளையைவிடச் சற்றே மெல்லிய கம்பியை விரல்களால் உருட்டியபடி முனை வழியே செலுத்தித் துண்டைப் பொடியாக்க வேண்டும். தள்ளுகோல் முன்னால் இருக்கும்போது குத்தினால் அது வளைந்துவிடும். வளைந்தபின் அந்தப் பென்சிலுக்கு மீட்சி அரிது.

லெட் வெளியே வருகிறது, எழுதும்போது உள்ளே போகிறது என்றால் அது தள்ளுகோலின் பிடிக்குள் உட்காரவில்லை. முனை வழியாக நிரப்பும் வகையில், தள்ளுகோலை முழுவதும் முன்னே கொண்டுவந்து, லெட்டை அதன் பிடிக்குள் மெல்ல அழுத்திச் செருகி, பிறகு திருகிப் பின்னோக்கி இழுத்துக்கொள்ள வேண்டும். வழிகாட்டித் தாள் தொலைந்துபோன பென்சில்களில் இந்த முறை தெரியாததே பாதிப் பழுது. அழுத்தினால் லெட்டை விடும் வகையிலோ, லெட்டைக் கவ்வும் தாடைகளில் பென்சில் தூள் படிந்திருக்கும். மென்மையான தூரிகையால் தட்டியெடுத்தால் போதும். எண்ணெய் விட்டால் பிடிப்பு அறவே போய்விடும்.

அறிகுறி: மரப் பென்சிலைச் சீவச் சீவ முனை உடைகிறது

1795இல் நிக்கோலா ஜாக் கான்டே கிராஃபைட்டோடு களிமண் கலந்து சுடும் முறையைக் கண்டது முதல், பென்சிலின் கரிமுனை ஒருவகைச் சுட்ட மண்ணே. கீழே விழுந்த பென்சிலில் அது மரத்துக்குள்ளேயே பல இடங்களில் முறிந்திருக்கும். சுழல் சீவி அந்தத் துண்டுகளை முறுக்கி வெளியே இழுத்துவிடுவதால், கூரான கத்தியால் மரத்தை மட்டும் நீளவாக்கில் சீவி, கரிமுனையைக் கடைசியில் தாளில் உரசிக் கூராக்க வேண்டும். கரிமுனை நடுவில் இல்லாமல் ஒருபக்கம் ஒதுங்கியிருக்கும் பழைய பென்சில்களுக்கும் கத்தியே தீர்வு. அது முனையின் போக்கிலேயே போகும்.

பின்முனை ரப்பர் கல்லாகிக் காகிதத்தில் கறையை இழுத்தால், நுண்ணிய மணல்தாளில் மேல்தோலை உரசிப் பாருங்கள். உள்ளே மென்மை எஞ்சியிருக்கும் ரப்பர் மீண்டும் அழிக்கும். முழுவதும் இறுகியது அழிக்காது. 1934இல் எபர்ஹார்டு ஃபேபர் வெளியிட்ட பிளாக்விங் 602இல் ரப்பர் தட்டையான உறைக்குள் கழற்றி மாட்டும்படி இருப்பதால் அதை மட்டும் மாற்றிவிடலாம். மற்றவற்றில் ரப்பரைப் பிடுங்க முயன்றால் உலோக வளையம் நெளியும். தனி அழிப்பானை வைத்துக்கொள்வது மேல்.

சாதாரணச் சாம்பல் நிறத்தில் எழுதிய பழைய பென்சில், ஈரம் பட்ட இடத்தில் ஊதாவாக மாறினால் அது பழுதன்று. அலுவலகங்களில் படியெடுக்கப் பயன்பட்ட, அனிலின் சாயம் கலந்த பென்சில் அது. அதன் முனையை நாவால் தொடக் கூடாது. சீவும்போது பறக்கும் தூள் கண்ணில் பட்டால் கடுமையான புண் உண்டாக்கும். அத்தகைய பென்சிலைச் சீவாமல், மற்றப் பென்சில்களிலிருந்து பிரித்து, உலர்ந்த டப்பாவில், எது என்று எழுதிய சீட்டோடு வைக்க வேண்டும்.